மேசன் அபூதாஹிரின் சிலாப்

அபூதாஹிர் மேசனுக்கு மழை பிடிக்கும், கச்சான் காற்றுப் பிடிக்கும், ஈரச் சீமெந்தில் மட்டப்பலகை இழுபடுகிற சத்தம் பிடிக்கும், ஆகாய விமானம் என்றால் உயிர். ஆட்கள்தான் ஆகாது. வெள்ளைமணல் ஊரில் அவரோடு வாய்ச்சண்டை போடாத ஓர் ஆள் இருந்தால், அவர் ஒன்றில் பால்குடிப் பிள்ளையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மையத்தாகிக் கபுறுக் குழிக்குள் போயிருக்க வேண்டும். கபுறடியிலும் அபூதாஹிர் சும்மா இருக்கவில்லை. அது பின்னால் வருகிறது.

இத்தனை சண்டைக்கும் வேர் ஒன்றுதான். பக்கத்துச் சீனன்குடா ஓடுபாதையில் இறங்கி ஏறுகிற விமானங்களைப் படம் பிடிக்க அவருக்கு நிற்க ஓர் இடம் வேண்டும். காணி கேட்டாரா, கடை கேட்டாரா? இரண்டு கால் வைக்க ஓர் இடம். அதுக்குத்தான் ஆயுள் முழுக்க இந்தக் கூத்து.

கமரா வந்தது ஐம்பத்தேழில். சீனன்குடாவிலிருந்த வெள்ளைக்காரனின் விமானப்படை முகாமில் இளவயதிலிருந்தே அவருக்கு மேசன் வேலை. வெள்ளைக்காரன் மூட்டை கட்டினபோது முகாமில் கிடந்த தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். ஊர்ச் சனம் கட்டில், கதிரை, அலுமாரி என்று வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு போனது. அபூதாஹிரின் பெண்சாதி ஸல்ஹா வயிற்றில் பிள்ளையோடு படலையில் நின்று வழி பார்த்தாள். மனுசன் கழுத்தில் ஒரு தோல்வாரும் வாரில் ஒரு பெட்டியுமாக வந்து சேர்ந்தார்.

"அலுமாரி எங்க?" என்றாள் ஸல்ஹா.

"இது கமரா."

"பிள்ளைட உடுப்பை இதுக்குள்ளயா மடிச்சு வைக்கிற?"

அன்றைக்குத் தொடங்கின வாய்த்தர்க்கம். அந்த வருசமே லைலா பிறந்தாள். ஒரே பிள்ளை. கமராவும் அவளும் ஒரே வயது என்று ஸல்ஹா பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள். வளர்த்ததில் எதுக்குக் கவனம் கூட என்றும் கேட்பாள்.

முதலில் அவர் பிடித்த இடம், சீனன்குடா ஸ்டேசனுக்குக் கிட்டத் தண்டவாளம் போகிற மண்மேடு. முகாமின் கம்பி வேலி அங்கே பக்கத்தில்தான். கமராவைக் கண்ணில் வைத்ததுதான் தாமதம், காவல்காரன் துவக்கோடு ஓடி வந்தான். "உங்கட காவல் கூடத்துக்குச் சீமெந்து பூசினவன் நான், எனக்கா சட்டம் படிப்பிக்கிறாய்?" என்று இவர் துள்ளினார். காவல்காரன் கழுத்தில் கைவைத்து மேட்டிலிருந்து இறக்கி விட்டான்.

பிறகு கிண்ணியாத் துறை. ஆட்களையும் லொறிகளையும் கரை மாற்றுகிற தட்டைத் தோணியை அங்கே பாதை என்பார்கள். பாதையில் ஏறி நடுத் தண்ணியில் நின்றால் விமானம் தாழ வருவது தெரியும் என்று யாரோ சொல்லிவிட்டான். தெரிந்ததுதான், காகத்தின் பருமனில். அதையாவது பிடிப்போம் என்றால் சனம் தோளில் இடித்தது, ஒருவருடைய ஆடு கமரா வாரைச் சப்பியது. இவர் ஆட்டை அடிக்க, ஆட்டுக்காரன் இவரை அடிக்க, அக்கரை போய்ச் சேர்ந்தபோது சேர்ட்டில் பொத்தான் ஒன்றும் இல்லை.

மூன்றாவது, ஊராரின் கபுறுகள் இருக்கிற மையவாடி. அது உயரமான மண்ணிடம், கண்ணுக்கு எதிரே ஓடுபாதை. அங்கேயாவது வாய் திறக்காத சனம் என்று இவர் நினைத்திருப்பார். ஒருநாள் ஜனாஸா ஒன்று அடக்கிக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் சுற்றி நின்று மண் போடுகிற நேரம் ஒரு டகோட்டா விமானம் சக்கரத்தை இறக்கிக்கொண்டு வந்தது. இவர் பின்னால் நின்று, "குனியுங்க! ஆ, குனியுங்க, மறைக்குது!" என்று கத்தினார். என்ன மனுசனப்பா! இறந்தவரின் தம்பி கையிலிருந்த மண்வெட்டியோடு திரும்பினான். அன்றைக்கு அபூதாஹிர் ஓடின ஓட்டத்தை ஊர் கனகாலம் கதைத்தது.

இந்த அலைச்சலில் ஒரு விசயம் பிடிபட்டது. விமானம் எப்போதும் காற்றுக்கு எதிராகத்தான் இறங்கும், காற்றுக்கு எதிராகத்தான் ஏறும். தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கிற மாதங்களில் அது துறைமுகப் பக்கமிருந்து தாழப் பறந்து வந்து இறங்கும். வடகிழக்கு வாடை தொடங்கினால் எல்லாம் மறுவளம். தம்பலகாமக் குடாவுக்கு மேலால் வந்து இறங்கி, துறைமுகப் பக்கம் பார்த்து ஏறும். ஆகவே கச்சானுக்கு நல்ல இடம் வாடைக்கு உதவாது. இரண்டு காற்றுக்கும் வாய்த்த இடம் ஒன்று இருந்தால், அது ஓடுபாதையின் கிழக்கு முனைக்குப் பக்கவாட்டில்தான் இருக்க வேண்டும். கச்சானில் இறங்குகிறதும் அதைக் கடக்கும், வாடையில் ஏறுகிறதும் அதைக் கடக்கும். காலை வெயில் முதுகில் விழும், விமானத்தின் முகத்தில் விழும்.

அப்படி ஓர் இடத்தைத் தேடி அலைந்த மனுசன் கடைசியில் வந்து நின்றது எங்கே என்று நினைக்கிறீர்கள்? ஸல்ஹாவுக்குத் தகப்பன் சீதனமாகக் கொடுத்த வளவில். தான் தினமும் படுத்தெழும்புகிற இடத்தில்! ஆனால் நிலத்தில் நின்றால் தென்னையும் வேலியும் மறைத்தன. உயரம் வேண்டும். மேசனுக்கு உயரமா பஞ்சம்? கிடுகு வீட்டைப் பிரித்தெறிந்து கல்வீடு கட்டினார். ஓடு போடாமல் தட்டையாகச் சீமெந்துச் சிலாப் போட்டார். வெள்ளைமணலில் அதுதான் முதல் சிலாப் வீடு. முதல்நாள் மேலே ஏறி நின்றபோது ஓடுபாதை முனை முதல் முனை வரை விரித்த பாய் மாதிரிக் கிடந்தது. "இனி ஒரு பேயனும் என்னை எழுப்பேலாது," என்றார்.

எழுப்ப வந்தவர் பக்கத்து வளவு மீன் முதலாளி கலீலுர் றஹ்மான். "மேசன், நீங்க மேல நிண்டா எங்கட கிணத்தடி தெரியுது. பொம்புளையள் குளிக்க ஏலாமக் கிடக்கு."

"உன்ர கிணத்தடியில என்ன பிளேனா இறங்குது, நான் பார்க்க?"

வழக்குப் பள்ளிவாசலுக்குப் போனது. நிர்வாகத்தார் கூடி இரண்டு முடிவு சொன்னார்கள். ஒன்று, ஊர்ப் பக்கமாகச் சிலாப்பின் விளிம்பில் ஆள் உயரத்துக்கு மதில் கட்ட வேண்டும். மற்றது, மேலே போகிற படி வீட்டுக்குள் இருக்க வேண்டும். வெளியால் ஏணி வைத்து ஒருவரும் ஏறக் கூடாது. அபூதாஹிருக்கு மூக்குக்கு மேல் கோபம். அத்தனை பேருக்கும் முன்னால் எழும்பி நின்று, "வெளியால ஒரு காகம் ஏறினாலும் நானே கல்லால எறிஞ்சு கலைப்பன், போதுமா?" என்று கத்தினார். போதும் என்றார் கலீலுர் றஹ்மான். மேசன் மதிலைக் கட்டினார். வெளியில் கட்டியிருந்த படியை இடித்துவிட்டு, நடுக்கூடத்தின் மூலையில் புதுப் படி கட்டி அதுக்கொரு கதவும் போட்டார்.

அதுக்குப் பிறகு வந்த வருசங்கள் அவருடைய பொற்காலம். விமானச் சத்தம் கேட்டால் சாந்தகப்பையைச் சாந்துச் சட்டிக்குள் எறிந்துவிட்டுச் சைக்கிளில் பறந்து வருவார். பாதியில் விட்டுப் போன சுவரைப் பார்த்து வீட்டுக்காரன் வயிறெரிந்து திட்டுவான். எழுபத்தொன்றில், நாடு கலவரப்பட்ட நேரம், படைக்காரர் வந்து கமராவைத் திறந்து பிலிமை வெயிலில் இழுத்துப் போட்டார்கள். பின்னேரம் வரை முகாம் வாசலில் குந்த வைத்தார்கள். அடுத்தநாள் காலையில் மனுசன் மறுபடியும் சிலாப்பில் நின்றார். படம் கழுவுவது திருகோணமலை ரவுனில் கனகரத்தினத்தின் ஸ்டூடியோவில். கனகரத்தினத்தோடும் சண்டைதான். வால் மங்கிவிட்டது, சக்கரம் கறுத்துவிட்டது என்று ஒவ்வொரு படத்துக்கும் ஓர் ஏச்சு. அந்த மனிதர் ஏச்சை வாங்கி ஒரு பக்கம் வைத்துவிட்டுப் படத்தைக் கழுவிக் கொடுப்பார்.

லைலா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு பெருநாள் காலை, புதுச் சட்டை போட்டுக்கொண்டு சிலாப்புக்கு ஓடி வந்தாள். "வாப்பா, என்னை ஒண்டு எடுங்க."

"பிலிம் என்ன மரத்திலயா காய்க்குது? அங்கால போ புள்ள, பிளேன் வருது, மறைக்குது."

அவள் இறங்கிப் போனாள். பிறகு அவள் கேட்கவே இல்லை. அவருக்கு அது நினைவிலும் இல்லை.

இனித்தான் பெரிய கரைச்சல். கிழக்கில் மகளைக் கட்டிக்கொடுக்கிறவர்கள் வீட்டையும் மகளுக்கே கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் குடியிருப்பார். பெற்றவர்கள் பின்வளவில் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்க வேண்டும். அபூதாஹிரும் அப்படிச் சீதன வளவுக்கு மாப்பிள்ளையாக வந்தவர்தான். வழக்கம் வாங்கும்போது இனிக்கும், கொடுக்கும்போதுதான் கசக்கும்! லைலாவுக்கு இருபது நெருங்கின பிறகுதான் மனுசனுக்கு உறைத்தது: வீடு போனால் சிலாப்பும் போகும்.

முதல் பேச்சுக் கிண்ணியாவிலிருந்து வந்தது. அபூதாஹிர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "வீடு உங்கட மகனுக்கு. மேல் சிலாப் எனக்கு."

மாப்பிள்ளையின் தகப்பன் சிரித்தார். பிறகு இவர் பகிடி விடவில்லை என்று தெரிந்து எழும்பினார். "ஒரு வீட்டைக் கழுத்தோட வெட்டித் தாற வழக்கம் எங்கட ஊரில இல்ல மேசன்," என்றார்.

அடுத்தடுத்து வந்ததும் அப்படியே கலைந்தது. விசர் மேசன் வீடு என்று ஊருக்கு ஊர் பெயர் பரவியது. ஸல்ஹா நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்டாள். சோற்றுக் கோப்பையைத் தரையில் அடித்து வைத்தாள். இவர் அசையவில்லை.

பிறகு ரவுனிலிருந்து ஒரு வாத்தியாருக்குக் கேட்டு வந்தார்கள். நல்ல குடும்பம். வாத்தியாரின் தாய் லைலாவை அறைக்குள் கூட்டிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு கதைத்தாள். லைலாவுக்கும் பிடித்துவிட்டது. அவர்கள் வருவதற்கு முதல்நாளே ஸல்ஹா புருசனின் கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தாள். "என்ர வாப்பா தந்த வளவு இது. இந்த ஒரு நாளைக்குச் சிலாப்பைப் பத்திக் கதையாதீங்க, உங்களுக்குப் புண்ணியம்." சரி என்றார். வாயை இறுக்கி மூடிக்கொண்டு கதிரையில் குந்தியிருந்தார். பேச்சு நல்லபடி போனது, நாள் குறிக்கிற கட்டம். அந்த நேரம் பார்த்துத் துறைமுகப் பக்கம் ஓர் இரைச்சல். அவ்ரோ விமானம்!

மனுசன் சபையை அப்படியே விட்டுவிட்டுப் படியில் பாய்ந்தார். வந்தவர்கள் சர்பத் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு சிலாப்பில் தடதடவென்று ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் பொறுத்து இவர் மூச்சிரைக்க இறங்கி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. சிரிப்போடு வாயும் திறந்துவிட்டது: "இதுக்குத்தான் சொல்றன், மேல மட்டும் எனக்கு வேணும்."

கிளாஸ்கள் பாதியில் மேசைக்கு வந்தன. வாத்தியாரின் தாய் லைலாவிடம் சொல்லிக்கொள்ளாமலே போனாள். அறைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற லைலா எல்லாவற்றையும் கேட்டாள். அவள் அழவில்லை. அன்றிலிருந்து தகப்பனோடு தேவைக்கு மேல் ஒரு சொல் கதைக்கவும் இல்லை.

அதுக்குப் பிறகு கனநாள் ஒருவரும் படலையைத் திறக்கவில்லை. எண்பதில் மூதூரிலிருந்து ஜெமீல் என்றொருவனுக்குக் கேட்டு, அவனையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேஜர், அமைதியான பெடியன். அபூதாஹிர் வழமையான பாடத்தை ஒப்புவித்தார்: வீடு உனக்கு, சிலாப் எனக்கு. இனி எழும்பிப் போவார்கள் என்று வாசலில் கிடந்த அவர்களின் செருப்பைக்கூட எட்டிப் பார்த்தார்.

ஜெமீல் நிமிர்ந்தான். "சரி மாமா. சிலாப் உங்களுக்கு. நான் அதில காலும் வைக்க மாட்டன்."

அபூதாஹிரால் நம்ப முடியவில்லை. வந்திருந்த பெரியவர்கள் எல்லாருக்கும் முன்னால் அவனை மறுபடியும் சொல்லச் சொன்னார். அவன் சொன்னான். அன்றைக்கு அவர் ஊருக்குள் நடந்த நடை இருக்கிறதே! கலீலுர் றஹ்மானின் படலையில் நின்று காறித் துப்பிவிட்டுத்தான் போனார். பின்வளவில் தங்களுக்கென்று ஓர் அறையும் குசினியுமாக ஒரு கொட்டில் கட்டினார். சிலாப்தான் கையில் இருக்கிறதே, கொட்டில் எங்கே இருந்தால் என்ன என்று பெரிய வீட்டின் முதுகோடு ஒட்டிக் கட்டினார்.

நிக்காஹ் முடிந்தது. கச்சான் வீசுகிற மாதம். ஒரு கிழமை விருந்து, ஆட்கள், சத்தம். ஆட்கள் போன மறுநாள் காலை விமானச் சத்தம் கேட்டது. அபூதாஹிர் கமராவை மாட்டிக்கொண்டு பெரிய வீட்டுக்குள் ஓடினார். படிக் கதவில் ஆமைப்பூட்டுத் தொங்கியது.

"திறப்பு எங்க?"

லைலா குசினியிலிருந்து வந்தாள். பூட்டின் திறப்பு அவள் இடுப்பில் செருகியிருந்தது. "வாங்க வாப்பா. இருங்க, தேத்தண்ணி குடியுங்க."

"பிளேன் வருது, திற!"

"சிலாப் உங்கடதான் வாப்பா. அதை ஆரும் இல்லையெண்டு சொல்லேல்ல. படி என்ர வீட்டுக்குள்ள இருக்கு. படியை நீங்க கேக்கேல்லையே."

அபூதாஹிர் மருமகனைப் பார்த்தார். ஜெமீல் கதிரையில் தலை கவிழ்ந்திருந்தான். "மாமா, நான் சொன்ன சொல்லில நிக்கிறன்."

"நீயா இவளுக்கு இதைச் சொல்லிக் குடுத்த, நாய்ப்பயலே?"

"அவரை ஏசாதீங்க," என்றாள் லைலா. "நான்தான் சொல்லிக் குடுத்தனான். இவர்ட உம்மா மாமியிட்டச் சொல்லி அனுப்பினனான், வாப்பா சிலாப்பைக் கேப்பாரு, குடுங்க, படியை நான் பாத்துக்கொள்றன் எண்டு." அவள் திறப்பை இடுப்பில் இன்னும் ஆழச் செருகினாள். "அந்த வாத்தியார்ட உம்மா என்ர கையைப் பிடிச்சிருந்தவ. மேல நீங்க ஓடின சத்தத்தில அவ கையை விட்டவ. அண்டைக்கே நினைச்சனான், இந்தப் படியில உங்கட கால் இனிப் படக்கூடாது."

விமானம் தலைக்கு மேலால் போய் இறங்கியது. அபூதாஹிர் சத்தத்தை மட்டும் கேட்டார்.

விட்டேனா பார் என்று பின்வளவுக்கு ஓடி, கட்டு வேலைக்கு வைத்திருந்த மூங்கில் ஏணியைத் தூக்கி வந்து சிலாப்பில் சாத்தினார். இரண்டு கட்டை ஏறவில்லை, முதுகில் கல் ஒன்று விழுந்தது. திரும்பிப் பார்த்தார். வேலிக்கு மேலால் கலீலுர் றஹ்மான்.

"காகம் ஏறுது எண்டு நினைச்சன்," என்றார் மீன் முதலாளி. "பள்ளியில நீங்கதானே மேசன் சொன்னீங்க?"

ஸல்ஹா கொட்டில் வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் நிமிரவுமில்லை. "அலுமாரி எங்க எண்டு நான் அண்டைக்கே கேட்டனான்," என்றாள்.

தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது மேசனுக்கு அன்றைக்குத்தான் முழுசாக விளங்கியது. கொட்டில் வாசலில் நின்றால் ஓடுபாதையும் இல்லை, துறைமுகமும் இல்லை. தான் கட்டின வீட்டின் முதுகும், தான் கட்டின ஆள் உயர மதிலும்தான் கண்ணை நிறைத்தன. மதிலின் இடது முனைக்கு அப்பால் ஒரு துண்டு வானம் மிஞ்சிக் கிடந்தது. இறங்குகிற விமானம் கண் மூடித் திறக்கிற நேரம் அதில் தெரியும். அதையாவது பிடிப்பேன் என்று கமராவைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

லைலா அதையும் விடவில்லை. விமானச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திறப்பை எடுத்துப் படியேறிச் சிலாப்புக்குப் போனாள். உடுப்புக் காயப்போடவில்லை, மிளகாய் காயப்போடவில்லை. மதில் முடிகிற முனையில், அந்தத் துண்டு வானத்துக்கு நேராக வந்து, விமானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீழே நிற்கிற தகப்பனைப் பார்த்தபடி நின்றாள்.

"அங்கால போ!" என்று அபூதாஹிர் கீழேயிருந்து கத்தினார். அவள் போகவில்லை. ஆத்திரத்தில் கமராப் பொத்தானை அமத்திவிட்டார். பிலிம் முடியும் மட்டும் ஒவ்வொரு விமானத்துக்கும் அப்படியே அமத்தினார்.

பிலிமை ரவுனுக்குக் கொண்டுபோனார். கனகரத்தினம் அதைக் கழுவி எடுத்து, படங்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேசையில் வைத்தார். வழமைபோல ஏச்சு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. எல்லாப் படத்திலும் சிலாப் முனையில் ஒரு பெண் நின்றாள். முக்காட்டைக் காற்று இழுத்தது, முகம் தெளிவாக இருந்தது. அவள் தோளுக்குப் பின்னால் ஒரு விமானச் செட்டை நுனி, வேறொன்றில் ஒரு வால் துண்டு.

"எத்தினை வருசமா உங்கட படம் கழுவுறன் மேசன் காக்கா," என்றார் கனகரத்தினம். "சண்டர்லண்ட், டகோட்டா, அவ்ரோ எல்லாம் எனக்குப் பாடம். ஆள் முகம் ஒண்டை உங்கட பிலிமில இண்டைக்குத்தான் காணுறன். ஆர் இந்தப் பிள்ளை?"

அபூதாஹிர் படத்தைக் கையில் எடுத்தார். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"என்ர மகள்," என்றார். "பிளேனை மறைச்சுக்கொண்டு நிக்கிறாள்."